மரமுரெஷுக்குப் போன கட்டில்கள்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு கட்டில் பழசாவதற்கு அது உடைய வேண்டியதில்லை. புதிய மொடல் வந்தால் போதும். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அந்த வசந்தகாலம் எல்லாக் கட்டில்களையும் மாற்றினார்கள். பழையவற்றில் ஒரு குறையும் இல்லை. பொத்தானை அழுத்தினால் தலைமாடு எழும்பும், கால்மாடு எழும்பும், முழுக் கட்டிலுமே மேலே போகும். புதியதும் அதையேதான் செய்கிறது, கொஞ்சம் சத்தம் குறைவு.

கழித்துவிட்ட கட்டில்களை ருமேனியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதை எங்கள் ஊரில் சில பென்சன்காரர்கள் பொழுதுபோக்காகச் செய்துவந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஓவே. முந்தி பன்றி வளர்த்தவர், பிறகு லொறி ஓட்டியவர், இப்போது இரண்டும் இல்லாததால் தர்மம் செய்கிறவர். அவரோடு வழக்கமாகப் போகிறவர் ஏணியால் விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டில்களைக் கழற்ற எங்கள் இல்லத்துக்கு வந்த ஓவே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உனக்குக் கட்டில் கழற்றிப் பூட்டத் தெரியும். ருமேனியாவுக்கு வருகிறாயா?" என்று கேட்டார். எங்கள் பகுதியான மேற்கு யூலாந்தின் ஆள் ஒருவர் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்தால் அது காலில் விழுவதற்குச் சமம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் யோசிக்க இடமிருக்கவில்லை. வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த மே மாதம் அது. என் தம்பி நேசன் அங்கே ஆஸ்பத்திரியில் அற்றெண்டன். ஆஸ்பத்திரி என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். கடைசியாக அவன் கதைத்தபோது அது ஒரு பள்ளிக்கூடம். அதற்கு முதல் இன்னொரு பள்ளிக்கூடம். "கட்டில் ஒண்டும் இல்லை அண்ணை. மரத்துக்குக் கீழை பாய் விரிச்சுப் போட்டிருக்கிறம். இப்ப பாயும் முடிஞ்சுது" என்றான். பிறகு லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் குரலும் இல்லை, அவன் மனைவி கலாவின் குரலும் இல்லை, ரெலிபோன் மட்டும் மேசையில் இருந்தது.

ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்த தமிழ்ச் சனமெல்லாம் கொப்பன்ஹேகனுக்கு பஸ் பிடித்துப் போய், போரை நிறுத்தச் சொல்லிப் பதாகையோடு நின்றுவிட்டு வந்தார்கள். நானும் போய் நின்றேன். மழை பெய்தது. திரும்பி வந்து ரிவிக்கு முன்னால் இருந்தேன். என் மனைவி ராணிதான் முடிவெடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அந்த ரிமோட்டை உடைக்கிறதுக்கு முதல் ஓவேயோடை போட்டு வாங்கோ. போன் வந்தால் நான் எடுப்பன்தானே. எனக்கும் காது இருக்கு."

"தம்பி அங்கை பாயில்லாமல் நிக்கிறான். நான் ருமேனியாக்காரனுக்குக் கட்டில் கொண்டுபோறதோ?"

"அங்கை கொண்டுபோக விடுவினமெண்டால் அங்கை கொண்டுபோங்கோ. விடமாட்டினம்தானே. படுக்கிறவன் எங்கையெண்டாலும் படுக்கட்டும்."

மகள் டெனிஷ் மொழியில், அப்பா போனால் தனக்கும் நித்திரை வரும் என்றாள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆர் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஓவேக்குப் போன் எடுத்து வாறன் என்றேன். "ம்" என்றார்.

லொறிப் பயணம் பற்றி எழுத அதிகமில்லை. ஜெர்மனி நீளமான நாடு, அதற்குப் பிறகும் நாடுகள் இருந்தன. ராணி கட்டித்தந்த புளிச்சாதமும் அவித்த முட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலும் என் மடியில் இருந்தன. ஓவேயின் மடியில் கறுப்புப் பாண், அதன்மேல் ஈரல் பேஸ்ட். மத்தியானம் வந்தால் அவர் எந்த நாட்டில் நின்றாலும் அதைத்தான் தின்றார். ஒருதரம் மரியாதைக்குச் சம்பல் கொஞ்சம் கொடுத்தேன். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் வந்து, ஒரு பெரிய பெற்றோல் நிலையம் கடந்து போகும்வரை அவரால் வாய் திறக்க முடியவில்லை. பிறகு, "அவ்வளவு மோசமில்லை" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. மகள் சோதனையில் முதலாவதாக வந்தபோதும் ரீச்சர் அதைத்தான் சொன்னார்.

காலையில் ஒருமுறை மட்டும் அவர் என் தம்பியைப் பற்றி விசாரிப்பார். "செய்தி ஏதும்?" "இல்லை." "ம்." அதன்பிறகு அன்று முழுக்க அந்தப் பேச்சு இல்லை. ஆனால் நான் போனை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

ருமேனிய எல்லையில் ஒரு அதிகாரி என் கடவுச்சீட்டை நீண்ட நேரம் வாசித்தார். உள்ளே வாசிக்க அவ்வளவு விஷயம் இல்லை. டென்மார்க் பிரஜை, பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னைப் பார்த்தார், ஓவேயைப் பார்த்தார், "இவர் யார்?" என்று ஓவேயிடம் கேட்டார்.

"கட்டில் பூட்டுகிறவர்."

அதிகாரிக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. பின்கதவைத் திறக்கச் சொல்லி, ஒரு கட்டிலின் மெத்தையைக் கையால் அமத்திப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் போன மாவட்டத்தின் பெயர் மரமுரெஷ். ருமேனியாவின் வடக்குத் தொங்கல். தலைநகரம் பாயா மாரே. நகரத்துக்குள் நுழைய முதலே வானம் முட்ட ஒரு புகைக்கூண்டு தெரிகிறது. நாங்கள் போன நேரம் அதிலிருந்து புகை வரவில்லை. முந்தி இங்கே பொன்னும் ஈயமும் கிண்டினார்களாம். இப்போது சுரங்கங்களைப் பூட்டிவிட்டார்கள். நிலத்துக்குக் கீழே கிடைத்த பளிங்குக் கற்களை ஒரு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். ஊதா, மஞ்சள், கறுப்பு என்று பூப்பூவாய் இருந்தன. காவல் நின்றவர் முந்தி சுரங்கத்தில் வேலை செய்தவராம். கீழே இருந்தபோது இந்தக் கல்லுகளை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை, இப்போது நாள் முழுக்கப் பார்க்கவேண்டியிருக்கிறது என்றார். சந்தோஷமா துக்கமா என்று அவர் குரலில் பிடிபடவில்லை.

பாயா மாரேயிலிருந்து குத்துய் மலையைக் கடந்தால் மாவட்டத்தின் மற்றப் பாதி. அங்கேதான் உல்லாசப் பயணிகள் போவார்கள். மலையிறக்கத்தில் காடு, காட்டுக்குக் கீழே புல்வெளி, புல்வெளியில் கம்பத்தைச் சுற்றிக் கட்டிய போன வருடத்து வைக்கோல். வடக்கே டீசா ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உக்ரேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கூரை போட்டு, கயிறும் சூரியனும் செதுக்கிய மர வாசல். ஆட்கள் இருந்து கதைக்கப் பக்கத்தில் நீளமான மர வாங்கு. யாழ்ப்பாணத்தில் கூரை வேய்ந்து கட்டுகிற எங்கள் சங்கடப்படலையை ஒரு பணக்காரன் மரத்தில் செய்வித்தால் இப்படித்தான் இருக்கும். வாசலுக்குப் பின்னால் வீடு வாசலைவிடச் சின்னதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வீடு, மூன்று மாடி, பூச்சில்லாமல், யன்னல்களில் ஸ்ரிக்கர் கிழிக்காமல். அது இத்தாலிக் காசு, ஸ்பெயின் காசு. வெளிநாட்டுக் காசில் கட்டிய வீட்டை நான் எந்த நாட்டிலும் கண்டுபிடிப்பேன். மேல்மாடியில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். இந்த மாவட்டத்தின் பொருளாதாரம் மரம், மாடு, பிளம்ஸ், வெளிநாட்டுக்குப் போன பிள்ளை. யாழ்ப்பாணத்துக்கு பிளம்ஸ் மட்டும்தான் குறை.

எங்களை எதிர்பார்த்திருந்தவர் இலியானா. ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதி. ஐம்பது வயதிருக்கும். இத்தாலியில் பல வருடம் கிழவர்களையும் கிழவிகளையும் பராமரித்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவருக்கு இங்கிலீஷ் என்னளவு தெரியும், அதாவது சண்டை பிடிக்கப் போதுமான அளவு. லொறியை ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் விடுங்கள் என்று கையைக் காட்டினார். பின்பக்கம் பச்சையாக இருந்தது. புல் என்று நினைத்தோம். அது சேறு. புல் அதன்மேல் சும்மா இருந்தது.

லொறியின் பின்சில்லு பாதிக்கு மேல் புதைந்தது. ஓவே இறங்கி, சுற்றிவந்து பார்த்து, "இதைவிட மோசமாக இருந்திருக்கலாம்" என்றார். எப்படி என்று கேட்டேன். யோசித்தார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் இரண்டு குதிரைகளோடு வந்து லொறியில் சங்கிலி கட்டினார். வந்தவர், குதிரைகள், ஓவே நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. லொறி வெளியே வந்தது. குதிரைக்காரர் ஒரு போத்தல் எடுத்து எல்லாருக்கும் ஊற்றினார். ஹொரின்கா என்று பெயர். பிளம்ஸை இரண்டுதரம் வடித்த சாராயம். ஊரில் கசிப்புக் குடித்து ஆட்கள் பெலத்த குரலில் தேவாரம் பாடியது எனக்கு ஞாபகம் வந்தது. இதைக் குடித்தால் பாட்டே வராது, நேரே தெய்வம்தான். ஓவே, "மோசமில்லை" என்றார். 'அவ்வளவு' என்ற சொல்லை விட்டுவிட்டார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே எனக்கு மட்டும்தான் விளங்கியது.

அன்றிரவு இலியானா வீட்டில் சாப்பாடு. மமலிகா என்று சோள மாவில் கிண்டிய மஞ்சள் களி, புளிப்பான வெண்ணெய், முட்டைக்கோவா இலையில் சுற்றி அவித்த இறைச்சி, புளிச்சூப். புளியைக் கண்டவுடன் எனக்கு அந்த நாட்டின்மேல் மரியாதை வந்துவிட்டது. டென்மார்க்கில் இத்தனை வருடம் இருந்தும் யாரும் எனக்குப் புளிக்கப் புளிக்க ஒன்றைக் குடிக்கத் தந்ததில்லை. மேசையில் ஒரு தட்டும் கரண்டியும் கூடுதலாக வைத்திருந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. விருந்தாளிக்கு அது அழகில்லை.

அடுத்த நாள் முழுக்கக் கட்டில் பூட்டினோம். ஆஸ்பத்திரியில் இருந்த கட்டில்கள் இரும்பு, நடுவில் குழி, வெள்ளைப் பெயின்ற் உரிந்தவை. பழசை வெளியே தூக்குவதும் புதுசை உள்ளே பூட்டுவதுமாக இருந்தோம். நோயாளிகள் கதிரையில் இருந்து சினிமா பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பூட்டி முடித்த முதல் கட்டிலைச் சோதிக்க ஓவேயைப் படுக்கச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தார். நான் பொத்தானைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் ராணியின் போன் வந்தது.

"முடிஞ்சுதாம்" என்றாள்.

"என்ன?"

"எல்லாம். சண்டை முடிஞ்சுதாம். தெற்கிலை வெடி கொளுத்திக் கொண்டாடுறதை ரிவியிலை காட்டுறாங்கள். பாற்சோறு குடுக்கிறாங்கள்."

"நேசன்?"

"ஒண்டும் தெரியாது."

"கலா?"

"ஒண்டும் தெரியாதப்பா. சனம் கொஞ்சம் வெளியிலை வந்திருக்காம். முகாமுக்குக் கொண்டுபோகினமாம். ஆர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது." பிறகு அவள் அழுதாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

போனை வைத்தபோது அறையில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்திருக்கிறது. கட்டில் தன் முழு உயரத்துக்கும் போய் நின்றது. ஓவே என் நெஞ்சு மட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"செய்தியா?" என்று கேட்டார்.

"போர் முடிந்துவிட்டது."

"தம்பி?"

"தெரியாது."

"ம்" என்றார். இந்த முறை அது நீளமாக இருந்தது. நான் கட்டிலை இறக்கினேன். அவர் எழும்பி, சப்பாத்தைப் போட்டு, அடுத்த கட்டிலின் கால்களை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். அன்று முழுவதும் நான் பூட்டினேன். திருகாணி இறுக்கும்போதெல்லாம் பாயும் முடிஞ்சுது, பாயும் முடிஞ்சுது என்று நேசனின் குரல் கேட்டது. தனியே நிற்கிற இடமாகப் பார்த்து ஒருதரம் அழுதேன். மருந்துக் களஞ்சியம் அது. உள்ளே மருந்து எடுக்க வந்த இலியானா என்னைக் கண்டுவிட்டு, எடுக்காமலே திரும்பிப் போனார்.

மறுநாள் ஓய்வு. உதவி கொண்டுவந்தவர்களுக்கு ஊரைக் காட்டி அனுப்புவது அங்கே வழக்கம். காட்டாமல் விட்டால் சாப்பாடு போடாமல் விட்டதற்குச் சமமாம். இலியானா தன் பழைய காரில் எங்களை ஏற்றினார். முதலில் சிகெட் நகரத்துச் சிறைச்சாலை, இப்போது நினைவிடம். கம்யூனிஸ்ட் காலத்தில் படித்தவர்களையும் பாதிரிமாரையும் அடைத்துவைத்த இடம். நான் வெளியே நிற்கிறேன் என்றேன். சிறைக்கூடத்தை ரிக்கெற் வாங்கிப் பார்க்க எனக்கு மனமில்லை. ஊரில் ஒருதரம் இலவசமாகப் பார்த்தது போதும். ஓவே உள்ளே போய்விட்டு வந்து காரில் ஏறி, இருக்கைப் பட்டியைப் போட்டு, ஒரு ஊர் தாண்டும்வரை எதையும் மோசமில்லை என்று சொல்லவில்லை.

பிறகு சப்புன்ட்சா. இந்த மாவட்டத்தில் எல்லாரும் பார்க்கிற இடம் அங்கேயிருக்கிற சவக்காலை, அதாவது இடுகாடு. நான் பகிடி விடவில்லை. பஸ்சில் வந்து இறங்கிப் படம் எடுக்கிறார்கள். சிலுவைகள் எல்லாம் மரம், எல்லாம் நீலம். ஒவ்வொன்றிலும் செத்தவரின் படத்தைச் செதுக்கி வர்ணம் பூசியிருக்கிறார்கள். ஒரு பெண் நூல் நூற்கிறாள், ஒருவர் ஆடு மேய்க்கிறார், ஒருவர் மேசையில் போத்தலோடு இருக்கிறார். சிலவற்றில் செத்த விதமே படமாக இருக்கிறது. கீழே ஒரு பாட்டு, செத்தவரே சொல்வதுபோல. இலியானாவின் தாய்மாமனும் அங்கேதான். படத்தில் ஒரு மாட்டுக்குப் பின்னால் நிற்கிறார். பாட்டை இலியானா மொழிபெயர்த்தார்: "மாட்டை நான் நன்றாகப் பார்த்தேன். மாடு என்னைப் பார்க்காமல் உதைத்துவிட்டது."

"நல்ல மனுசன்" என்றார் இலியானா. "மாடும் நல்ல மாடுதான்."

ஓவே சிரித்தார். நானும் சிரித்தேன். முந்தின நாள்தான் செய்தி வந்த ஒருவன் சவக்காலையில் நின்று சிரிப்பது சரியா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்து முடிய முதலே பொறாமை வந்தது. நெஞ்சு எரிகிற பொறாமை. இங்கே கிடக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, எப்படிப் போனார் என்று ஒரு பாட்டு இருக்கிறது. மாடு உதைத்ததென்றால் மாடு உதைத்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருத்தரும் மறுக்கவில்லை.

"எப்படிச் செத்தார் என்று தெரியாவிட்டால்?" என்று கேட்டேன்.

"பாட்டு எழுத முடியாது. என்னத்தை எழுதுவது?" என்றார் இலியானா.

திரும்புகிற வழியில் ஒரு மரத் தேவாலயம். ஆணியும் மரம், கூரையும் மரம், ஊசிபோல ஒரு கோபுரம். உள்ளே சுவரில் நரகத்தைக் கீறியிருந்தார்கள். எண்ணெய்ச் சட்டி எங்கள் பக்கத்து நரகத்திலும் உண்டு, அதனால் அதிகம் விளக்கம் தேவைப்படவில்லை. முழுக்க மரம் என்றபடியால் மெழுகுதிரியை உள்ளே கொளுத்த விடமாட்டார்கள். வெளியே, கதவுக்கு இரண்டு பக்கமும் மணல் போட்ட இரண்டு தகரப் பெட்டி. கரி பிடித்து, மேலே எழுதியிருந்தது ஒன்றும் வாசிக்க ஏலாது. இலியானா ஒரு திரி வாங்கினார். நானும் வாங்கினேன். நான் சைவக்காரன். ஆனால் நெருப்பை எந்தக் கோயிலிலும் கொளுத்தலாம் என்பது என் கொள்கை.

இடப்பக்கப் பெட்டியில் கொஞ்சத் திரிதான் எரிந்தது. வலப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு எரிந்தது, வைக்க இடமில்லை. எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம், கூட்டம் இருக்கிற கோயிலில்தான் சக்தி அதிகம் என்று நினைப்போம். ஆளில்லாத கோயிலைக் கண்டால் சாமியின் மேலேயே எங்களுக்குச் சந்தேகம். ஹேர்னிங்கில் இருக்கிற எங்கள் கோயிலிலும் தேர் அன்று தள்ளுமுள்ளு, மற்ற நாள் பூசைக்கு ஆளில்லை. அந்தப் பழக்கத்தில் நான் வலப்பக்கம் போய், நெருக்கத்துக்குள் இடம் விலக்கி, நேசன் என்று மனதுக்குள் சொல்லி என் திரியைக் குத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"யார் செத்தது?" என்று பின்னால் கேட்டது.

திரும்பினேன். இலியானாவின் முகம் கடுமையாக இருந்தது.

"ஒருத்தரும் இல்லை. என் தம்பி. தெரியாது. அவனுக்காக வைத்தேன்."

"அது செத்தவர்களின் பெட்டி!"

அத்தனை கிழமை நான் நினைக்கவே பயந்த ஒன்றை, கையெடுத்துக் கும்பிட்டு நானே செய்துவிட்டேன். திரியை எடுக்கக் கை நீட்டினேன். இலியானா என்னைத் தள்ளிவிட்டு, மற்றத் திரிகளுக்கு நடுவில் கையை விட்டு அதைப் பிடுங்கினார். உருகின மெழுகு விரலில் ஊற்றியது. ருமேனிய மொழியில் என்னவோ சொன்னார். அது ஜெபமில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு இடப்பக்கம் கொண்டுபோய் நட்டார்.

"இது உயிரோடு இருக்கிறவர்களுக்கு. தெரியாதென்றால் இந்தப் பக்கம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"யாராவது வந்து உனக்குச் சொல்லும்வரைக்கும். ரிவி சொன்னால் போதாது. ஊர் சொன்னால் காணாது." பிறகு அதற்குப் பக்கத்தில் எரிந்த ஒரு திரியைக் காட்டினார். "இது நான் வைத்தது. என் புருஷன். ஸ்பெயினுக்கு வீடு கட்டப் போனவன். முதலில் போன் எடுத்தான், பிறகு எடுக்கவில்லை. ஊர் என்ன சொல்லுது தெரியுமா? வேறொருத்தியோடு இருக்கிறானாம். அப்படியென்றால் வலப்பக்கம் வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் எனக்குத் தெரியாதே!"

மேசையில் இருந்த கூடுதல் தட்டு ஆருடையது என்று அப்போது விளங்கியது. ஓவேக்கு நாங்கள் பேசியது பாதிதான் விளங்கியிருக்கும். அவர் போய்த் தானும் ஒரு திரி வாங்கி வந்து, எந்தப் பெட்டி என்று என்னிடம் கேட்டு, என் திரிக்குப் பக்கத்தில் நட்டார். அவருக்கு ஆர் என்று நான் கேட்கவில்லை. லொறியில் திரும்பி வரும்போது, ஜெர்மனியில் எங்கேயோ, "அது உன் தம்பிக்குத்தான். ஒன்று அணைந்தாலும் மற்றது எரியட்டும் என்று" என்றார். அவர் சொன்ன மிக நீண்ட வாக்கியங்களில் அது ஒன்று.

வீட்டுக்கு வந்து கன நாளைக்குப் பிறகு முகாமிலிருந்து கலா கதைத்தாள். சனத்தோடு சனமாக வரும்போது காயக்காரர் ஒருவரைத் தூக்கவென்று நேசன் திரும்பிப் போனானாம். பிறகு காணவில்லை. ஆமி அவனை பஸ்சில் ஏற்றினதை ஒருவர் கண்டாராம். இன்னொருவர் அப்படியில்லை என்றாராம். ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் சனம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுங்கோ, ஆத்துமா அலையக்கூடாது என்றார்கள். அக்கறையில் சொன்னதுதான். நான் ஓவே மாதிரி "ம்" என்றேன். அது நல்ல சொல். ஒன்றுக்கும் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்த வசந்தகாலம் சக்கர நாற்காலிகள் ஏற்றிக்கொண்டு மறுபடியும் மரமுரெஷுக்குப் போனோம். வழக்கமாகப் போகிறவரின் கால் சுகமாகிவிட்டது, ஆனாலும் ஓவே என்னைத்தான் கேட்டார். லொறியை ஆஸ்பத்திரிக்கு முன்பக்கம் விட்டோம். இலியானா வீட்டு மேசையில் அந்தத் தட்டு இருந்தது. தேவாலயத்தில் நானும் இலியானாவும் இடப்பக்கம் கொளுத்தினோம்.

அந்தக் கோடையில்தான் கலா மறுபடியும் போன் எடுத்தாள். அவளை முகாமிலிருந்து விட்டிருந்தார்கள், யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டில் இருந்தாள். நேசன் கூப்பிடுவதுபோலவே என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். சுகம் கேட்டாள், மகளின் படிப்பைக் கேட்டாள்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். இண்டைக்கு மாமா மகளின்ரை கலியாணம். வெளிக்கிட்டு நிக்கிறன்... பொட்டு வைச்சுக்கொண்டு போனால் சனம் ஒரு மாதிரிப் பாக்குது. வைக்காமல் போவம் எண்டால் மனம் விடுகுதில்லை. அம்மா வைக்கவேண்டாம் எண்டு சொல்லுறா. அவருக்கு மூத்தவர் நீங்கள்தானே. நீங்கள் சொன்னால் சரி. வைக்கிறதோ, விடுறதோ?"

ராணி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள். என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தம்பி பெண்சாதி என்னிடம் கேட்கிறாள்.

"வையும் பிள்ளை" என்றேன். "தெரியாதெண்டால் வைக்கிறது. ஆரும் வந்து எங்களுக்குச் சொல்லுமட்டும் வையும். ஊர் சொன்னால் காணாது."

"இது ஆர் சொன்னது? ஐயரோ?"

"இல்லைப் பிள்ளை. ருமேனியாவிலை ஒரு மனுசி."

கலா இதை எதிர்பார்க்கவில்லை. "அங்கையும் காணாமல் போறவையோ?" என்றாள்.

"அவவின்ரை மனுசன் ஸ்பெயினுக்குப் போனவர். பிறகு சத்தமில்லை."

"வந்திட்டாரோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வந்துவிட்டார் என்றால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

"இல்லை" என்றேன். "இன்னும் வரேல்லை."

"அவ என்ன செய்யிறா?"

"உயிரோடை இருக்கிறவைக்குக் கொளுத்துற பக்கத்திலைதான் இப்பவும் மெழுகுதிரி கொளுத்துறா. போன மாசமும் கண்டனான். மேசையிலை தட்டும் வைக்கிறா."

போனில் ஏதோ டப்பி திறக்கிற சத்தம் கேட்டது.

"சரி அண்ணை, வைக்கிறன். கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். "கண்ணாடி பாக்க ஒரு கை வேணும், போனைக் கீழை வைக்கிறன்."